ஊனாவின் பங்கு மலை

லீட்ரிம், ஸ்லைகோ மாவட்டங்களின் எல்லையில் நிற்கும் டீவ்பான் மலை, ஊரார் பொதுவில் ஆடு மேய்க்கும் இடம். அதில் ஊனா ஃபீலிக்கும் பங்கு உண்டு. அப்பா இறந்ததும் அவருடைய மேய்ச்சல் உரிமை அவள் பேருக்கு வந்தது. ஆனால் மயிர் கத்தரிக்க எல்லார் ஆடுகளையும் கீழே ஓட்டிவரும் நாளில் அவளை மட்டும் யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட விடாமல் செய்தவர் சித்தப்பா பேக்கி.

"ஆட்டையெல்லாம் என்கிட்ட விட்டுட்டு நீ ஒரு கல்யாணத்தப் பண்ணிக்கோ," என்று முன்பே சொல்லியிருந்தார்.

"ஆடு வேணும்கிறது உங்களுக்கு. கல்யாணம் மட்டும் எனக்கா?"

கூப்பிடாமலே நாயோடு மலையேறினாள். மேலே ஆண்கள் கூட்டமாக நின்று கீழே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செங்குத்துப் பாறைக்கும் தனித்து நிற்கும் கூரான பாறைக்கும் நடுவே, ஒரு குறுகிய கல் திட்டில் அவளுடைய ஆடு மாட்டிக்கொண்டிருந்தது. அங்கிருந்த புல்லையெல்லாம் வேரோடு தின்று தீர்த்துவிட்டது. பேக்கி துப்பாக்கியை எடுத்தார்.

"அண்டங்காக்கா கண்ணக் கொத்துறதுக்குள்ள சுட்டுடறதுதான் புண்ணியம்."

"சுடுங்க. நானும் அங்கதான் இருப்பேன்." கொண்டுவந்திருந்த கயிற்றை இடுப்பில் கட்டி, மறுமுனையைப் பக்கத்துப் பண்ணை டொமினிக்கிடம் நீட்டினாள். அவன் பேக்கியைப் பார்த்தான்.

"அவர் மூஞ்சிய ஏன் பாக்கறே? கயித்தப் பாரு."

மலையை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே இறங்கினாள். அவள் திட்டில் கால் வைத்ததும் ஆடு மிரண்டு விளிம்புக்கு நகர்ந்தது. பாறைப் பக்கம் முகத்தைத் திருப்பி அசையாமல் நின்றாள். மிரட்சி தணிந்து ஆடு சற்று உள்ளே வந்ததும் பாய்ந்து கொம்பைப் பிடித்தாள். அது திமிறியதில் முழங்கால் கிழிந்தது.

இருந்தது ஒரே கயிறு. அதைத் தன் இடுப்பிலிருந்து அவிழ்த்து ஆட்டுக்குக் கட்டினாள்.

"இழுங்க!"

ஆடு மேலே போனது. பிடிமானம் ஏதுமில்லாமல் ஊனா பாறையில் கன்னத்தை ஒட்டி நின்றாள். கயிறு மறுபடி இறங்கியபோது கூடவே பேக்கியின் குரலும் வந்தது.

"இடுப்புல கட்டுடி, பைத்தியக்காரி!"

மேலே வந்து பார்த்தால், டொமினிக்கோடு அவரும் கயிற்றைப் பிடித்திருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"மீதி ஆட்ட எந்தப் பக்கத்துலேருந்து ஓட்டறோம்?" என்றாள் ஊனா.

"பொம்பளையோட நான் நடக்க மாட்டேன்," என்றார் பேக்கி.

"அப்ப பின்னாடி வாங்க."

நாயை விசிலடித்து அழைத்து, நொண்டியபடியே ஸ்லைகோ பக்கச் சரிவில் இறங்கினாள். டொமினிக் சேர்ந்துகொண்டான். மற்றவர்களும் வந்தார்கள். பேக்கி கடைசியாக, எல்லாரும் தப்பாக ஓட்டுவதாகக் கத்திக்கொண்டே வந்தார்.