பத்தொன்பது பெருக்கல் குறிகள்

இருபத்திரண்டு வருடம் நீதிமன்றத்தில் சாட்சிகளின் வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்தவர் அவர். வராந்தாவில் கணீரென்று பேசும் பெண்கள் கூண்டில் ஏறியதும் "ஆமாங்க", "இல்லைங்க" என்று சுருங்கிப்போவதைத் தினமும் பார்த்தார். எல்லாக் காலத்திலும் இப்படித்தானா என்ற கேள்வி அவரை விடவில்லை. நாற்பத்தேழு வயதில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, பல்கலைக்கழகத்தில் வரலாற்று முதுகலையில் சேர்ந்தார். நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய பெண்களும் அதிகாரமும் என்பது அவர் எடுத்த பாடம்.

வேறு ஊரில் படிக்கும் மகள், அம்மா தனக்கு ஜூனியர் ஆகிவிட்டதாகச் சொல்லிச் சிரித்தாள். பஸ் ஓட்டும் கணவர் காலைச் சமையலைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். உப்பு ஒருநாள் கூடும், ஒருநாள் குறையும். எப்படி இருந்தாலும் இவர் தட்டைக் காலி செய்துவிட்டுத்தான் கிளம்புவார்.

வகுப்பில் எல்லோருக்கும் இவர் 'டைப் அக்கா'. முதல் கட்டுரை திரும்பி வந்தபோது, "கதை நன்றாக இருக்கிறது, வாதம் எங்கே?" என்று பேராசிரியை ஓரத்தில் எழுதியிருந்தார். நூலகக் கழிப்பறையில் கொஞ்சம் அழுது, முகம் கழுவிக்கொண்டு வந்து மறுபடி எழுதினார்.

இரண்டாம் வருட ஆய்வுக்கு ஓர் அச்சுக்கூட விதவையின் வழக்கை எடுத்தார். கணவன் இறந்ததும், பொம்பளைக்கு என்ன அச்சுக்கூடம் என்று அச்சுக்காரர் சங்கம் பூட்டப் பார்த்தது. அவள் வழக்காடி ஜெயித்தாள். கொழுந்தன்தான் பின்னாலிருந்து ஆட்டிவைத்தான், எழுதத் தெரியாத அவள் வெறும் கைப்பாவை என்பது எல்லோரும் ஒப்புக்கொண்ட முடிவு. பேராசிரியையின் புத்தகமும் அதையே சொன்னது.

ஆவணக் காப்பகத்தில் பென்சிலைத் தவிர எதற்கும் அனுமதியில்லை. விதவை சொல்லச் சொல்ல நீதிமன்ற எழுத்தர் எழுதிய ஏழு தாள் வாக்குமூலத்தின் கிறுக்கல் எழுத்தைப் படித்து முடிக்க மூன்று வாரம் ஆனது. நிறைய இடங்களில் சொற்கள் அடிக்கப்பட்டு, மேலே வேறு சொல் எழுதப்பட்டிருந்தது. 'கொழுந்தனாரின் அச்சுக்கூடம்' அடிபட்டு 'என் அச்சுக்கூடம்' ஆகியிருந்தது. ஒவ்வொரு திருத்தத்தின் பக்கத்திலும் சின்னதாக ஒரு பெருக்கல் குறி. எண்ணினார்: பத்தொன்பது. கடைசித் தாளின் அடியில், கையெழுத்துக்குப் பதிலாக விதவை போட்டிருந்ததும் அதே குறிதான். அதே சாய்வு, இடது கால் மட்டும் நீளம்.

இந்த முறை அவருக்குப் பழக்கமானதுதான். வாக்குமூலத்தைப் படித்துக் காட்டும்போது சாட்சி மறுத்தால், திருத்திவிட்டு அந்த இடத்தில் சாட்சியிடமே கையெழுத்து வாங்குவார்கள். அவர் வேலை செய்த நீதிமன்றத்திலும் அதுதான் வழக்கம். அப்படியானால் இந்தப் பத்தொன்பது இடத்திலும் மறுத்துத் திருத்தவைத்தவள் அந்த விதவையேதான்.

புத்தகம் எழுதியவரிடமே போய் அது தப்பு என்று சொல்ல இரண்டு நாள் தயங்கினார். கேட்ட பேராசிரியை, அந்த வாக்குமூலம் அச்சில் வந்த பிரதியில் இந்த அடித்தல் திருத்தல் ஒன்றும் இல்லையே என்றார். அதை மட்டும் நம்பித்தான் எழுதினாராம். மறுநாள் காலை இருவரும் காப்பகத்துக்குப் போனார்கள். பேராசிரியை பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு ஒரு மணிநேரம் தலை நிமிரவில்லை.

"பதினஞ்சு வருஷமா இவங்களைப் பொம்மைன்னு சொல்லிக்கொடுத்துட்டு இருக்கேன்" என்றார் கடைசியில். "இது எப்படிங்க உங்க கண்ல பட்டுச்சு?"

"சாட்சி திருத்தின பக்கம் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும் மேடம். அதைத்தானே இத்தனை வருஷம் தட்டினேன்."

வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் லேசில் விடவில்லை. அந்தத் திருத்தங்களையும் கொழுந்தனே சொல்லிக்கொடுத்திருக்கலாமே என்று மடக்கினார்.

"பதினோரு இடத்துல அடிபட்டிருக்கிறது அந்தக் கொழுந்தனாரைப் பத்தின பேச்சுதான் சார்" என்றார் இவர், குரல் உயர்த்தாமல். "ஆட்டிவைக்கிறவர் தன்னைத்தானே அடிச்சுக்குவாரா?"

 தேர்வாளர் சிரித்துவிட்டு, தனக்கு வேறு கேள்வி எதுவும் இல்லை என்று கோப்பை மூடினார்.

ஆய்வு அந்த வருடத்தின் முதல் பரிசைப் பெற்றது. பேராசிரியை தன் புத்தகத்தின் அந்த அத்தியாயத்தை முழுக்க மாற்றி எழுதி, முதல் வரியிலேயே மாணவியின் பெயரைப் போட்டார். பட்டமளிப்பு விழாவில் டைப் அக்கா மேடையேறியபோது அரங்கின் நடுவிலிருந்து ஒரு விசில் பறந்தது. காவலாளி திரும்பி முறைத்தார். பஸ் டிரைவர் சட்டை பண்ணாமல் இன்னொரு முறை, இன்னும் நீளமாக அடித்தார்.