சாட்டிலைட் நிற்காது

எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க ஆள் வரும் நாளில் அம்மா என்னிடம் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: "வாயத் தொறக்காத." புடவையைப் பற்றியோ பூவைப் பற்றியோ அவளுக்குக் கவலை கிடையாது. அப்பாவுக்குத் திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் கடை, பூவுக்கு என்ன பஞ்சம்? என் வாய்தான் பிரச்சனை.

காரணம் இருக்கிறது. சாணார்பட்டியிலிருந்து வந்த முதல் வரன், நிலாவிலிருந்து பார்த்தால் சீனப் பெருஞ்சுவர் தெரியும் என்றார். தெரியாது என்றேன். அவரும் விடவில்லை, நானும் விடவில்லை. கேசரித் தட்டைக் கீழே வைத்தவர்கள் அப்படியே எழுந்து போனார்கள். நான் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்துகிறவள். காலையில் பிள்ளைகளிடம் தப்பு என்று சொன்ன ஒன்றுக்கு, சாயங்காலம் சோபாவில் உட்கார்ந்து தலையாட்ட எனக்கு வரவில்லை.

"தெரிஞ்சா என்ன, தெரியாட்டி என்ன? நீ என்ன நெலாவுலயா குடித்தனம் நடத்தப் போற?" என்று அம்மா ஒரு வாரம் வைதாள்.

அடுத்த வரன் குஜிலியம்பாறைப் பக்கம். மாப்பிள்ளை, அவருடைய அப்பா அம்மா, பெரியப்பா என்று நான்கு பேர் வந்தார்கள். எனக்கு முப்பத்தொன்று நடந்துகொண்டிருந்தது. அப்பா சரியாகத் தூங்கியே நாளாகியிருந்தது. இந்த இடமாவது அமைய வேண்டும் என்று எனக்கும் ஆசைதான். அதை மறைப்பானேன்?

காபி குடித்து முடித்ததும் பெரியப்பா போனை எடுத்தார். "கேட்டீங்களா சம்பந்தி? சனீஸ்வரன் கோயிலுக்கு நேர் மேல வந்தா, எந்த சாட்டிலைட்டா இருந்தாலும் மூணு செகண்டு நின்னுட்டுத்தான் போகுதாம். வெளிநாட்டுக்காரனே மெரண்டு போயிட்டான்."

இந்தச் செய்தி சுற்றாத வாட்ஸ்அப் குரூப் எங்கள் பக்கம் கிடையாது. எங்கள் பள்ளி ஆசிரியர் குரூப்பிலேயே வந்து, கும்பிடு போட்டுத் தள்ளினார்கள். அப்பாவும் இப்போது கன்னத்தில் போட்டுக்கொண்டார். அதோடு விட்டாரா பெரியப்பா? என் பக்கம் திரும்பினார். "நீ சயின்ஸ் டீச்சர்தானத்தா, சொல்லு. உண்மைதான?"

அம்மா அடுப்படி வாசலிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதில் என் நாக்கு நுனியில் நின்றது. கேள்வியையும் கேட்டுவிட்டு வாய்க்குப் பூட்டும் போட்டால் ஒரு மனுஷி என்னதான் செய்வாள்? பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்து வைத்தேன். அம்மாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

பிறகு, "ரெண்டு பேரும் தனியா ஒரு வார்த்தை பேசட்டும்" என்று எங்களை மொட்டைமாடிக்கு அனுப்பினார்கள். எதிரே மலைக்கோட்டை வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. எனக்கு வேறு பேச்சு தெரியவில்லை. "ராக்கெட் விடறப்ப பத்து, ஒம்பது, எட்டுன்னு எண்றாங்கள்ல? அது மொதல்ல எங்க வந்துச்சு தெரியுமா?" என்றேன்.

"ஒரு பழைய ஊமைப்படத்துல. பாக்குறவங்களுக்குப் படபடப்பு வரணும்னு அதுல வச்சாங்க," என்றார் மாப்பிள்ளை.

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷமே அவரைப் பிடித்துப்போனது. நிலாவில் காற்றில்லாததால் மனிதர் பதித்த காலடிகள் இன்னும் கலையாமல் கிடப்பது வரை பேசினோம். சாட்டிலைட் பேச்சை நான் எடுக்கவே இல்லை. அவராகத்தான் எடுத்தார்.

"பெரியப்பா சொன்னது சுத்தப் பொய்னு எனக்கும் தெரியும். எங்க வீட்ல அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாதுங்க. நீங்க அழகா சமாளிச்சீங்க. இப்படியே இருந்துட்டா ஒரு பிரச்சனையும் வராது."

இப்படியே இருந்துட்டாவா! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நம்புகிறவரிடமாவது பேசிப் புரியவைக்கலாம். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு, என்னையும் காலம் பூராவும் மூடிக்கொள்ளச் சொல்கிறவரோடு எப்படிக் குப்பை கொட்டுவது? விறுவிறுவென்று கீழே இறங்கினேன். அவர் பின்னாலேயே வந்தார்.

"மாமா, நீங்க கேட்டீங்கள்ல? அது நிக்காது. எந்த சாட்டிலைட்டும் நிக்காது. ஓடிக்கிட்டே இருக்கறதாலதான் மேல இருக்கு. நின்னா விழுந்துரும்."

சொல்லிவிட்டு மாப்பிள்ளையைப் பார்த்தேன். ஆமாம் பெரியப்பா என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், கண்ணை மூடிக்கொண்டு கழுத்தை நீட்டியிருப்பேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொண்ணுக்கு வாய் கொஞ்சம் நீளந்தான்," என்று பெரியப்பா எழுந்தார். மற்றவர்களும் எழுந்தார்கள்.

சாயங்காலம் தரகர் போனில் விஷயத்தைச் சொன்னதும் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "இதுவும் நின்னு போச்சே! ஒரு சாட்டிலைட்டுக்காக எவளாவது வாழ்க்கையக் கெடுத்துக்குவாளா?"

அப்பா பிளாஸ்டிக் சேர்களை அடுக்கிக்கொண்டிருந்தார். "ஏந்தாயி, அது நெசமாவே நிக்காதா?"

"நிக்காதுப்பா."

"அந்தப் பையனுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

அப்பா கையிலிருந்த சேரைக் கீழே வைத்தார். "தெரிஞ்சுமா பேசாம இருந்தான்? அப்ப இது நின்னதே நல்லது, விடு."

அப்பாவுக்கு அது போதுமாக இருந்தது. எனக்குப் போதவில்லை. ஊமைப்படத்தைப் பற்றித் தெரிந்து வந்த ஒரே ஆள், கீழே இறங்கியதும் ஊமையாகிவிட்டாரே என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அடுப்படியில் காபி டம்ளர்களைக் கழுவிக்கொண்டே அழுதேன்.