ஊசி தெரியுதுங்க

வேலம்மாள் வாயில்லாப் பூச்சி என்று தலைச்சோலை காப்பி எஸ்டேட்டில் ஒருவரும் சொல்ல மாட்டார்கள். காப்பிப் பழம் நிறுக்கும்போது தராசு சரியில்லை என்று பட்டால் கணக்கெழுதுகிற ரைட்டர் மறுபடி நிறுக்கிறவரை பறிகூடையோடு அங்கேயே உட்கார்ந்துவிடுவாள். ஆனால் தனக்காகப் பாடுபட்ட மனுசரிடம் 'இல்லை' என்று சொல்ல மட்டும் அவளுக்கு நாக்கு எழாது. அந்தக் குணம்தான் அவளை ஓர் அறைக்குள் அடைத்துப் போட்டது.

தொண்ணூற்றாறில், பழம் பறிக்கிற பருவம். மழை பெய்து ஓய்ந்திருந்த சரிவில் மூட்டையோடு இறங்கியவள் வழுக்கிக் கல்கட்டின் மேல் மல்லாக்க விழுந்தாள். முதுகெலும்பு நொறுங்கிவிட்டது. மலைக்குக் கீழே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஏசுராஜ் என்கிற டாக்டர், சாப்பாடுகூட இல்லாமல் நின்று ஆபரேஷன் செய்தார்.

சில நாள் கழித்து அவர் ஒரு ஊசியை எடுத்துக்கொண்டு வந்தார். அவளைக் கண்ணை மூடச் சொல்லி, காலில் அங்கங்கே குத்தி, ஒவ்வொரு தடவையும், "இப்பத் தெரியுதாம்மா?" என்று கேட்டார்.

இடுப்புக்குக் கீழே அவளுக்கு ஒன்றுமே தெரியவில்லை. ஆனால் குரலில் அத்தனை ஆசை வைத்துக் கேட்கிறார் மனுசர். பக்கத்திலேயே புருசன் மாரிசாமி, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறான்.

"தெரியுதுங்க" என்றாள் வேலம்மாள். கேட்டபோதெல்லாம் அதையே சொன்னாள். வலிக்கிறதா என்றதற்கு, "சுருக்குன்னு இருக்குதுங்க" என்று சேர்த்தும் கொடுத்தாள்.

டாக்டர் அறையில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. முதுகெலும்பு ஆபரேஷன் ஆன நானூறு பேருடைய விவரத்தை அதற்குக் கொடுத்திருந்தார்கள். வயது என்ன, எலும்பு எங்கே உடைந்தது, ஊசி தெரிந்ததா, பிறகு எழுந்து நடந்தார்களா என்பதெல்லாம். அதை வைத்து அதுவாகவே கற்றுக்கொண்டு, புதிதாக வருகிறவர் நடப்பாரா மாட்டாரா என்று சொல்லும். வேலம்மாளின் விவரத்தையும் தட்டிவிட்டு டாக்டர் சிரித்தார்.

"கால் இப்ப அசையலைன்னாலும் ஊசி தெரியுது பாருங்க, அது நல்ல அறிகுறி. இந்த மாதிரி இருந்தவங்க பத்துப் பேர்ல ஏழு பேர் நடந்திருக்காங்க."

"சேர்வராயன் சாமிகிட்டப் பூப்போட்டு வாக்குக் கேட்டாக்கூட இவ்வளவு தெளிவா வராதுங்க" என்று மாரிசாமி கையெடுத்துக் கும்பிட்டான். யாரைக் கும்பிட்டானோ, டாக்டரையோ பெட்டியையோ. கிளம்பும்போது நர்சம்மா ஒரு சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். "நடக்கப் போறவளுக்கு இது எதுக்குங்க? இல்லாதவங்களுக்குக் குடுங்க" என்று அவன் பெருமையாகத் திருப்பிவிட்டான். வேலம்மாள் அந்த நாற்காலி போகிற திசையையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

எஸ்டேட்டில் கூலிக்காரர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடு, ஒற்றை அறை. கட்டிலுக்கும் வாசலுக்கும் நடுவே நான்கு எட்டு வைக்கிற தூரம் இருக்கும். மாரிசாமி நிலைக்காலிலிருந்து சன்னல் கம்பிவரை இடுப்புயரத்துக்கு ஒரு கயிறு கட்டினான். தினமும் விடிந்ததும் அவளைத் தூக்கிக் கயிற்றைப் பிடிக்க வைத்து, "நில்லு புள்ள, பாக்கலாம்" என்பான். கயிற்றில் அவள் ஈரத்துணி மாதிரித் தொங்குவாள். பிறகு அவன் வேலைக்குப் போய்விட்டால் சாயங்காலம்வரை கூரையைப் பார்த்துப் படுத்திருக்க வேண்டியதுதான். மூடுபனி வாசல்வரை வரும், போகும். வருகிறவர்களும் ஒரே பேச்சுத்தான் பேசினார்கள். "கம்ப்யூட்டரே சொல்லிப்போட்டுது, உனக்கென்ன கண்ணு சோம்பல்?" எழ முடியவில்லை என்றால் பொய் சொன்னதைச் சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் மாரிசாமி இடிந்துபோவான்.

தை மாதக் குளிரில் அவன் அவள் காலடியில் தணல் போட்ட கணப்புச் சட்டி வைத்துவிட்டுப் போனான். மதியம் ரஸ்க்குப் பொட்டலத்தோடு வந்த கடைக்கார ஆயிஷா, போர்வையைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சட்டியைத் தள்ளி வைத்தாள். குதிகால் வெந்து கொப்புளம் கட்டியிருந்தது.

"ஏண்டி, இது உனக்குத் தெரியலையா?"

வேலம்மாள் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள். "ஊசியுந் தெரியலீங்கக்கா" என்றாள் மெதுவாக. "நொம்பப் பாடுபட்டாரு அந்த டாக்டரு. எப்படி இல்லீன்னு சொல்றது?"

"போன பெருநாளைக்கு என் பிரியாணியில உப்பு இல்லேன்னு ஊரு கேக்கச் சொன்னியே, அப்ப எங்கடி போச்சு இந்த மரியாதை?"

வேலம்மாளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ஆயிஷா கொப்புளத்துக்கு மருந்து போட்டுக்கொண்டே சொன்னாள், "நீயா சொல்லு. நான் சொன்னா உன் வீட்டுக்காரரு என்னையக் கடிப்பாரு."

மறு பரிசோதனைக்கு எஸ்டேட் ஜீப்பில் கொண்டுபோனார்கள். டாக்டர் ஊசியை எடுத்தார்.

"இப்பத் தெரியுதாம்மா?"

"தெரியலீங்க." மாரிசாமி திடுக்கிட்டுப் பார்த்தான். அவள் நிறுத்தவில்லை. "அன்னைக்குந் தெரியலீங்க. உங்க மனசு நோகுமேன்னு சொல்லிப்போட்டனுங்க."

டாக்டர் ஊசியைக் கீழே வைத்தார். அப்புறம் பெட்டியில் அந்த ஒரு பதிலை மட்டும் மாற்றித் தட்டினார். பத்தில் ஏழு, ஒன்றுக்கும் கீழே போய்விட்டது. "அந்த நானூறு பேர்ல இன்னும் எத்தனை பேர் எனக்காகத் தெரியுதுன்னு சொன்னாங்களோ" என்றார், தனக்குத்தானே சொல்வது போல. மாரிசாமி வெளியே போய் ஜீப்பின் சக்கரத்தோரம் குந்திவிட்டான்.

இந்தத் தடவை நாற்காலி ஜீப்பில் ஏறியது. வீட்டுக்குள் மாரிசாமி அவளை நாற்காலியில் உட்கார்த்தினான். அவள் சக்கரத்தை உருட்டினாள். கயிறு நெஞ்சில் தட்டியது.

"ஏனுங்க, இதை அவுத்துப்போடுங்க."

"இருக்கட்டும். இன்னொரு மாசம் பாப்பம்."

"பொய் சொன்னேன், நம்புனீங்க. நெசத்தச் சொல்றேன், நம்ப மாட்டீங்கறீங்க. அவுக்கறவரைக்கும் கட்டிலுக்கு வர மாட்டேன்."

தராசுக்கு முன்னால் உட்கார்ந்தது போலவே கயிற்றுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். விளக்கு ஏற்றினான், சோறு ஆக்கினான், அவள் அசையவில்லை. கடைசியில் அவன் வந்து நின்றான். முடிச்சில் கை வைக்கவில்லை. கயிற்றை மட்டும் இரண்டு கையாலும் அவள் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தான்.

"போ."

அவள் குனிந்து, அடியில் நுழைந்து, வாசல்வரை போனாள். அதற்கு அப்பால் மூன்று படி, நாற்காலி இறங்காது. அதன் பிறகு தினமும் காலையில் அவன் கயிற்றைத் தூக்கிப் பிடிப்பான், அவள் வாசலுக்குப் போவாள். சாயங்காலம் திரும்பவும் தூக்கிப் பிடிப்பான். அவிழ்க்கச் சொல்லி அவளும் விடாமல் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.