தமயோ குத்தாத முத்திரை

எங்கள் கோயில் சப்பரத்தைப் பெண்கள் தொடக்கூடாது என்பது ஆயிரம் வருஷத்துக் கட்டுப்பாடு. இளவட்டமெல்லாம் ஒசாகா பட்டணத்துக்குப் போய்விட, தூக்க ஆளில்லாமல் ஒரே கூட்டத்தில் அதை மாற்றிவிட்டார்கள். சாமி ஒன்றும் சொல்லவில்லை.

முதலில் பெயர் கொடுத்தவள் தமயோ அக்கா. ஐம்பத்தெட்டு வயது. மீன் காயப்போடும் களத்தில் என்னோடு வேலை. முப்பது வருஷம் திருவிழாவுக்குச் சமைத்துப் போட்டவள். "மீன் கூடை சுமந்த தோளுடி, சாமியச் சுமக்காதா?" என்பாள். முன் கழியில் இடது பக்கம் அவளுக்கு என்று முடிவானது.

திருவிழாவுக்குப் பதினொரு நாள் இருக்கும்போது அவள் புருஷன் கென்ஸோ செத்தான். பத்தொன்பது வருஷத்துக்கு முன் ரூமி என்பவளோடு ஒசாகாவுக்கு ஓடிப்போனவன். இருந்தும் கெடுத்தான், செத்தும் கெடுத்தான்.

"சாவுத் தீட்டும்மா. அம்பது நாள் கோயில் வாசலத் தாண்டக்கூடாது" என்றார் கமிட்டித் தலைவர் ஷிகேமத்சு.

"அவனா எனக்குப் புருஷன்? ஊரே சிரிச்சுதே!"

"குடும்பப் பதிவேட்டுல இன்னும் புருஷன்தானே? நீ வெட்டி விடலியே."

கென்ஸோ கையெழுத்துக்குப் பதில் தன் பெயர் முத்திரையைக் குத்தி அனுப்பிய விவாகரத்துத் தாள் அக்காவின் அலமாரியில்தான் கிடக்கிறது. 'அந்த ரூமிக்குப் பொண்டாட்டிங்கிற பேரு கெடைக்க விடமாட்டேன்' என்று தன் முத்திரையைக் குத்தாமலே வைத்திருந்தாள். வைக்கோல் போர் நாய் என்று நானே திட்டியிருக்கிறேன்.

திருவிழா அன்று காலை ரூமி வந்தாள். வெள்ளைத் துணி சுற்றிய அஸ்திப் பெட்டியைக் கோயில் வாசலுக்கு வெளியே நின்ற அக்காவின் கையில் கொடுத்தாள்.

"உங்க வீட்டுக் கல்லறையிலதான் வைக்கணுமாம். நான் அவருக்கு யாருமில்லையாம், ஆஸ்பத்திரியில கையெழுத்துப் போடக்கூட விடல."

வணங்கிவிட்டு வாசலைத் தாண்டி உள்ளே வந்தாள். கைகழுவி, சாமி முன் இரண்டு முறை கைதட்டிக் கும்பிட்டாள். அவளை யாரென்று தெரியாத ஷிகேமத்சு பார்த்தார்.

"ஒரு தோள் குறையுது, வர்றியாம்மா? குடும்பத்துல சாவு ஒண்ணும் இல்லையே?"

"என் பதிவேட்டுல நான் ஒருத்திதாங்க."

அவள் யாரென்று எனக்குத் தெரியும். சொல்லியிருக்கலாம். எங்களுக்கும் ஒரு தோள் வேண்டியிருந்தது, சொல்லவில்லை. அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

சப்பரம் போகும்போது தீட்டு வீட்டுக் கதவு மூடியிருக்க வேண்டும். நாங்கள் அக்காவின் தெருவில் திரும்பியதும், பெட்டியோடு வீட்டு வாசலில் நின்ற அக்கா முன் கழியின் இடது பக்கத்தில் ரூமியைப் பார்த்தாள். பிறகு தன் கையாலேயே கதவை மூடிக்கொண்டாள்.