எல்க் மானின் இருதயம்

கடும் நோயுள்ள பிள்ளைகளை ஒஸ்லோவிலிருந்து காட்டுக்கு வேட்டை பார்க்கக் கூட்டிப்போகும் தொண்டர்களில் நானும் ஒருத்தி. போன இலையுதிர்காலத்தில் நகரின் மோர்டென்ஸ்ருட் பகுதியைச் சேர்ந்த அபிரா வந்தாள். பன்னிரண்டு வயது. இருதய ஒப்பரேஷனுக்குக் காத்திருந்தவள். வேட்டைக்காரர் தான் சுட்ட எல்க் மானைக் கிழிக்கத் தொடங்கியதும், பிள்ளை பயந்துவிடும் என்று அவளின் சக்கர நாற்காலியைச் சட்டெனத் திருப்பினேன். சக்கரம் வேரில் தடுக்கி நாற்காலி சரிந்தது. பாய்ந்து பிடித்தேன்.

"அன்ரி, ஏன் திருப்பினனீங்கள்? நான் இருதயம் பாக்கத்தான் வந்தனான்," என்றாள்.

வேட்டைக்காரர் இருதயத்தைப் பிளந்து காட்டினார். அபிரா கையுறை போட்ட விரலால் வால்வைத் தொட்டு, "எனக்கு இதுதான் சரியா மூடாது. இவ்வளவு மெல்லிசா?" என்று கேட்டாள். எனக்கும் ஆவல் வந்து, பக்கத்தில் குந்திப் பார்த்தேன்.

ஒப்பரேஷன் நல்லபடி முடிந்தது. இப்போது புறப்படும் முன்பே ஒவ்வொரு பிள்ளையிடமும், "என்ன பாக்க விருப்பம்?" என்று கேட்டுவிடுகிறேன்.