தகப்பனின் இனம்

என் மகனும் மகளும் ஒரே தகப்பனுக்குப் பிறந்தவர்கள். இதைச் சொல்ல வேண்டியிருப்பதே கேவலம். ஆனால் பிறப்புச் சான்றிதழில் தகப்பனின் இனம் என்று ஒரு கட்டம் இருக்கிறதே. மகனுடையதில் இலங்கைத் தமிழர் என்று இருக்கிறது, மகளுடையதில் இந்தியத் தமிழர் என்று.

மகன் பிறந்தபோது என் வீட்டுக்காரர் கலகெதரயில் ஒரு கடையில் வேலை பார்த்தார். பதிவாளர் எந்த ஊர் ஆள் என்று கேட்டார். "இங்க பொறந்தவன்தாங்க" என்றார் இவர். உண்மைதான். தோட்ட வேலைக்கென்று அங்கிருந்து வந்தது இவர் பாட்டன்; இந்தியாவை இவர் படத்தில்தான் பார்த்திருந்தார். மகள் பிறக்கும்போது வத்தேகமப் பக்கம் தோட்டத்துக்கு வந்துவிட்டோம். அங்கே பதிவாளர் ஒன்றும் கேட்கவில்லை. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து விலாசத்தைப் பார்த்தார், இந்தியத் தமிழர் என்று எழுதினார். நான் எழுத்துக்கூட்டி வாசிப்பவள். அந்த வித்தியாசம் என் கண்ணில் பட வெகுகாலம் ஆனது.

மகள் கண்டியில் ஓர் ஆய்வுகூடத்தில் இரத்தம் பரிசோதிக்கிறாள். கூட வேலை செய்யும் யாழ்ப்பாணத்துப் பையனுக்கும் அவளுக்கும் மனம் ஒத்துப்போனது. என் வீட்டுக்காரர் இறந்து இரண்டு வருடம் கழித்து, அவன் தாயோடு பெண் கேட்டு வந்தான்.

பதிவுத் திருமணத்துக்கு வேண்டும் என்று அந்த அம்மா மகளின் பிறப்புச் சான்றிதழைக் கேட்டு வாங்கினார். வாசித்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார்.

"குறை நினையாதேங்கோ அக்கா. நீங்கள் இந்தியத் தமிழ் எண்டு இவன் சொல்லேல்லை."

"தமிழ்தாங்க. நான் பேசுறது வெளங்குதுல்ல?"

"விளங்குது. ஆனா இனம் வேறயெல்லோ. இரத்தம் கலக்கிற விசயம்."

மகள் சிரித்துவிட்டாள். "ஆன்டி, நான் தெனமும் பாக்குறது ரத்தந்தான். ஓ குரூப் யாழ்ப்பாணத்துலயும் இருக்கு, லயத்துலயும் இருக்கு. இனத்துக்குன்னு ஒரு டெஸ்ட் இல்ல. உங்க மகன்கிட்டயே கேளுங்க."

"ஓம் அம்மா, விஞ்ஞானத்தில அப்பிடித்தான்" என்றான் அவன், தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு.

"விஞ்ஞானமே தம்பி ஊருக்குப் பதில் சொல்லும்?" என்று மகனைக் கேட்டார் அந்த அம்மா.

அப்போதுதான் நான் உள்ளே ஓடினேன். அலுமாரியிலிருந்து மகனின் சான்றிதழை எடுத்து வந்து நீட்டினேன். "இதப் பாருங்க. இவ அண்ணனோடது. ரெண்டு பேருக்கும் அப்பா ஒரே ஆளுதான்."

அவர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "அப்ப எது பிழை?"

"இவளோடதுதாங்க பிழை. பதிவாளர் தப்பா எழுதிட்டாரு. மாத்திக்கலாம்."

"மாத்தினா நல்லது" என்றார். முகம் தெளிந்துவிட்டது. காரியம் முடிந்தது என்று எனக்கும் ஒரு நிம்மதி.

மகள் அந்தப் பையனைப் பார்த்தாள். "நீங்க என்ன சொல்றீங்க?"

"அது சின்ன வேலைதானே" என்றான்.

அவள் எழுந்து காகிதங்கள் இரண்டையும் வாங்கிக்கொண்டாள். "பிழை ஒண்ணும் இல்ல ஆன்டி. மாத்தவும் மாட்டோம். தேத்தண்ணி ஆறிப்போகுது, குடிங்க."

அவர்கள் போனதும் நான் அவள்மேல் பாய்ந்தேன். "ஒரு வார்த்தைக்காக வாழ்க்கைய தொலைப்பியா?"

"அவங்க கேட்டதுகூடப் பரவால்லம்மா" என்றாள். "நீங்க ஓடிப்போய் எடுத்துட்டு வந்தீங்களே."

இன்றைக்கும் அவளும் அந்தப் பையனும் ஒரே அறையில்தான் இரத்தம் பார்க்கிறார்கள். அவனுக்கு ஊரில் பெண் பார்த்தாயிற்றாம். நான் கங்காணிக்கும் துரைக்கும் தலை குனியாதவள் என்று தோட்டமே சொல்லும். அந்த அம்மா அப்படிக் கேட்டபோது எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது வெட்கம். அதை என் மகள் பார்த்துவிட்டாள்.