விழ இடமில்லாத நடைவழி

டெல்லி பாலம் விமான நிலையத்தில் கவுண்டருக்குப் பின்னால் நின்ற அதிகாரி என் பாஸ்போர்ட்டைத் திறக்கவே இல்லை. மேசைக்கு மேலாக எட்டி என் இடது காலைப் பார்த்தார். சேலைக்குக் கீழே தெரிந்த கனத்த பூட்ஸையும், அதன் இரண்டு பக்கமும் மேலேறிப் போகும் இரும்புக் கம்பிகளையும் பார்த்துவிட்டு ஆங்கிலத்தில் கேட்டார்.

"கூட யார் வருகிறார்கள்?"

"யாரும் இல்லை. நான் மட்டும்தான்."

"இப்படி இருப்பவர்களைத் தனியாக அனுப்ப முடியாது, மேடம். நியூயார்க் போகிற விமானம் இது. ராத்திரி முழுக்கப் பறந்து, மறுநாளும் பாதி பறக்க வேண்டும். நடுவில் ஏதாவது ஆனால் யார் பொறுப்பு?"

எண்பதுகளின் தொடக்கம் அது. எனக்கு முப்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. குழந்தையில் போலியோ வந்த கால். தொடையிலிருந்து பாதம்வரை காலிப்பர் மாட்டி, வலது கையில் தடி ஊன்றி நடப்பேன். டெல்லியில் ஒரு விதைப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தேன். கோதுமையையும் கடுகையும் ஈரத்தாளில் பரப்பி வைத்து, எத்தனை முளைக்கிறது என்று பார்க்கிற வேலை. அமெரிக்காவில் ஒரு விவசாயக் கல்லூரியில் ஆறு மாதப் பயிற்சிக்கு ஓர் ஆளை அனுப்பலாம் என்று கடிதம் வந்தபோது, கூடத்தில் தேர்வு வைத்தார்கள். நான் முதலாவதாக வந்தேன். ஆண்கள் இரண்டு பேர் "பாவம், அவங்க எப்படிப் போவாங்க?" என்று பெரிய சாரிடம் போய் எனக்காக வருத்தப்பட்டுவிட்டு வந்தார்கள். அவர்களைப் பார்த்ததும்தான் கட்டாயம் போவது என்று முடிவு செய்தேன்.

வீட்டில் அம்மாவுக்குச் சம்மதமே இல்லை. அம்மா ஆஸ்பத்திரியில் வார்டு சிஸ்டர். திருநெல்வேலியிலிருந்து அப்பாவைக் கட்டிக்கொண்டு டெல்லி வந்தவள். ராணுவத்தில் கிளார்க்காக இருந்த அப்பா இறந்த பிறகு எங்கள் ஜங்புரா வீட்டில் நாங்கள் இருவர்தான். டிக்கெட் வந்த நாளிலிருந்து சாப்பாட்டு நேரமெல்லாம் இதே பேச்சு.

"ஏட்டி, ஆத்திர அவசரத்துக்கு எந்திரிக்கணும்னா யாரப் பிடிப்ப? பிளேன் ஆடும்னு சொல்லுதாவ. நீ விழுந்தா தூக்கதுக்கு அங்க யாரு இருக்கா?"

அன்றைக்கும் டாக்ஸியில் வரும்போது அதையேதான் சொல்லிக்கொண்டு வந்தாள். ஆகவே அந்த அதிகாரி அம்மாவின் கேள்வியையே கேட்டபோது, அவள் என் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிப் போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன்.

அம்மா என்னைப் பின்னால் தள்ளிவிட்டு மேசைக்கு முன்னால் வந்தாள். வார்டில் வேலைக்கு டிமிக்கி கொடுக்கிறவர்களை விரட்டுகிற இந்தியில் தொடங்கினாள்.

"பாயி சாப், இவளைத் தூக்கிக்கொண்டு வந்தா இங்கே நிறுத்தினோம்? டாக்ஸியிலிருந்து உங்கள் மேசைவரைக்கும் நடந்துதானே வந்தாள்? தினமும் பஸ்ஸில் ஆபீஸ் போகிறவள். டெல்லி பஸ்ஸில் ஏறத் தெரிந்தவளுக்கு உங்கள் பிளேனில் ஏறத் தெரியாதா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அதிகாரிக்கு முகம் சிவந்துவிட்டது. டாக்டர் சர்டிபிகேட் வேண்டும் என்றார். நான் நர்ஸ், நானே சொல்கிறேன் என்றாள் அம்மா. நர்ஸ் சொன்னால் செல்லாது என்றார். குரல்கள் உயர்ந்தன. உள்ளேயிருந்து இன்னொரு பெரிய அதிகாரி வந்தார். நரைத்த மனிதர். விவரம் கேட்டுவிட்டு என்னிடம்தான் பேசினார். அதுவே எனக்குத் தெம்பாக இருந்தது.

"விமானத்துக்குப் படி உண்டு. செங்குத்தாக இருக்கும். யாரும் பிடிக்காமல் ஏறுவீர்களா?"

"ஏறுவேன். முடியவில்லை என்றால் கீழேயே நின்றுகொள்கிறேன். நீங்கள் என்னைத் திருப்பி அனுப்ப வேண்டாம், நானே போய்விடுவேன்."

அவர் என் பாஸ்போர்ட்டைத் தானே திறந்து பார்த்தார். பிறகு, "அச்சா, போங்கள்," என்றார்.

அம்மா என் சேலை முந்தானையைச் சரிசெய்தாள். "அவன் யாரு என் பிள்ளைய நிறுத்ததுக்கு?" என்று முணுமுணுத்தாள். பிறகு என் காதருகே, "விழுந்தாலும் பரவாயில்லட்டி. எந்திரிக்கத்தான் உனக்குத் தெரியுமே. போயிட்டு வா," என்றாள்.

பஸ் பயணிகளை ஜம்போ விமானத்தின் அடியில் கொண்டு விட்டது. அவ்வளவு பெரிய பொருளை நான் அதுவரை அவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை. படிக்கட்டு நிஜமாகவே செங்குத்துதான். குளிர்காற்று வேறு சேலையை இழுத்தது. இடது கையால் கைப்பிடிக் கம்பியைப் பிடித்தேன், வலது கையில் தடி. நல்ல காலை மேலே வைத்து, இரும்புக் காலை இழுத்து அதன் பக்கத்தில் சேர்த்தேன். பின்னால் ஒரு கூட்டமே காத்து நின்றது. யாரோ உதவிக்கு என் முழங்கையைத் தொட்டார்கள். "வேண்டாம், விடுங்கள்," என்று கொஞ்சம் கடுமையாகவே சொல்லிவிட்டேன். பிடித்தால்தான் நான் விழுவேன், அது அவர்களுக்குத் தெரியாது. மேலே போய்ச் சேர்ந்தபோது ரவிக்கை வியர்வையில் நனைந்திருந்தது. கீழே, படியடிவரை வந்திருந்த அந்த நரைத்த அதிகாரி கையை உயர்த்தினார். நானும் உயர்த்தினேன்.

கதவருகே நின்ற விமானப் பணிப்பெண் வணக்கம் சொல்லிவிட்டு என் கையைப் பிடித்து இருக்கைவரை கூட்டிப் போனாள்; நான் உட்கார்ந்ததும் என் தடியை வாங்கிக்கொண்டாள். பறக்கும்போது வெளியில் இருக்கக் கூடாதாம், அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார்களாம். "வேண்டுமென்றால் பட்டனை அமுக்குங்கள், கொண்டு வருகிறேன்," என்றாள்.

என் இருக்கை நடு வரிசையின் நடுவில். ஒரு பக்கம் ஏறிய உடனே போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு தூங்கிவிட்ட ஒரு மனிதர். மறுபக்கம், நடைவழியை ஒட்டி, நன்றாகப் பருத்த ஒரு பஞ்சாபி அம்மாள். நியூஜெர்சியில் இருக்கும் மகனிடம் போகிறாள். அவளுக்கும் அதுதான் முதல் விமானம். விமானம் தரையை விட்டுக் கிளம்பியபோது என் கையைப் பிடித்துக்கொண்டு வாஹேகுரு, வாஹேகுரு என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நானும் வாய்க்குள் ஏசுவைக் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

காலிப்பரின் முழங்கால் பூட்டைத் தளர்த்தினால்தான் கால் மடங்கும். மடக்கினாலும் கம்பி முன் இருக்கையில் இடித்தது. சாப்பாட்டுத் தட்டை எடுத்தவுடன் முன்னால் இருந்தவர் தன் இருக்கையைச் சாய்த்தார். அது நேராக என் முழங்காலில் வந்து உட்கார்ந்தது. தொடைப் பட்டை சதையை அறுத்தது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தேனோ, தெரியவில்லை. மேற்கே பறக்கிற விமானத்துக்கு ராத்திரி முடியாது. விடியலுக்கு எதிர்ப்பக்கமாக ஓடுகிறோம் அல்லவா? விளக்குகளை அணைத்துவிட்டார்கள். பின்வரிசைகளிலிருந்து சிகரெட் புகை வந்துகொண்டே இருந்தது.

பணிப்பெண் தண்ணீர் கொண்டுவந்தபோது வேண்டாம் என்றேன். பஞ்சாபி அம்மாளும் வேண்டாம் என்றாள். உதடெல்லாம் வெடித்திருந்தது அவளுக்கு.

"தண்ணீர் குடியுங்கள், மாதாஜி," என்றேன் இந்தியில்.

"நீ ஏன் குடிக்கவில்லை, பேட்டி?"

'பேட்டி' என்றால் இந்தியில் மகள். அவள் என் பக்கம் சாய்ந்து ரகசியமாகச் சொன்னாள். "நேற்று மத்தியானத்திலிருந்து ஒரு சொட்டுக் குடிக்கவில்லை. குடித்தால் பாத்ரூம் போக வேண்டுமே. வானத்தில் எப்படிப் போவது? ஆடுகிறதே இது!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நானும் நேற்று மத்தியானத்திலிருந்து குடிக்கவில்லை, மாதாஜி."

அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தோம். போர்வைக்காரர் ஒரு முறை புரண்டு படுத்தார்.

சிரித்ததில் வந்த வினையோ என்னவோ, இனி உட்கார முடியாது என்று ஆகிவிட்டது. பட்டனை அமுக்கினேன். யாரும் வரவில்லை. மறுபடி அமுக்கினேன். தலைக்கு மேலே ஒரு சிறு விளக்கு எரிந்ததோடு சரி. அம்மா கேட்ட கேள்வி அப்படியே முன்னால் வந்து நின்றது. யாரைப் பிடிப்பேன்?

மாதாஜி காலை ஒதுக்கி வழிவிட்டாள். முன் இருக்கையின் முதுகைப் பிடித்து எழுந்து, காலை நீட்டி, பூட்டைத் தள்ளினேன். 'டக்' என்று விழுந்தது. நடைவழியில் நின்றேன். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து தடியில்லாமல், ஆள் இல்லாமல் நான் நின்ற இடமெல்லாம் வீட்டுச் சுவரோரம்தான்.

வலது கையை நீட்டினேன். ஓர் இருக்கையின் முதுகு. இடது கையை நீட்டினேன். இன்னொன்று. இரண்டும் சரியாக என் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே, யாரோ என்னை அளந்து வைத்தாற்போல. ஓர் அடி வைத்தேன். அடுத்த இருக்கைகள் கைக்கு வந்தன. இன்னொரு அடி. மறுபடியும் இரண்டு. கடைசிவரைக்கும் அப்படித்தான் இருந்தது அந்த நடைவழி. டெல்லியில் எந்த ஆபீஸ் வராந்தாவும், எந்த பஸ் ஸ்டாப்பும் எனக்கு அப்படி இரண்டு கையும் கொடுத்ததில்லை. இங்கே விழ வேண்டுமென்று நினைத்தாலும் விழ இடமில்லை.

பாதி தூரம் போனபோது விமானம் குலுங்கியது. பெல்ட் போடச் சொல்லி விளக்கு எரிந்தது. எதிரே வந்துகொண்டிருந்த கோட்டுப் போட்ட உயரமான மனிதர் தடுமாறி, தூங்கிக்கொண்டிருந்த ஒருவர் மடியில் போய் உட்கார்ந்தார். நான் நின்ற இடத்தில் நின்றேன். தரை ஆடினால் எடையை எந்தப் பக்கம் மாற்ற வேண்டும் என்பது எனக்குப் பழக்கம். என் தரை எப்போதும் ஆடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. அவர் எழுந்திருக்கத் திணறினார். நான் ஒரு கையை நீட்டினேன். அவர் பிடித்துக்கொண்டு எழுந்து, "தேங்க் யூ," என்று சொல்லிவிட்டுப் போனார். இருட்டில் என் காலை அவர் பார்க்கவில்லை. ஒரு மனிதன் என் கையைப் பிடித்து எழுந்தது அதுவே முதல் தடவை.

கழிப்பறை ஒரு பீரோ அளவுதான். எல்லோரும் அதைத் திட்டுவார்கள். எனக்கோ எந்தப் பக்கம் சாய்ந்தாலும் ஒரு சுவர் தாங்கியது.

திரும்பி வந்தபோது மாதாஜி கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். "தனியாகவா போய் வந்தாய்?"

"ஆமாம். வாருங்கள், உங்களையும் கூட்டிப் போகிறேன்."

அவள் பயந்தாள். பிறகு எழுந்தாள். என் தோளில் இரண்டு கையையும் போட்டுக்கொண்டு, ரயில் பெட்டிபோலப் பின்னாலேயே வந்தாள். "மெதுவாக, பேட்டி, மெதுவாக," என்று அவள் சொன்னபோது எனக்கு எப்படி இருந்திருக்கும்! என் வேகம் தாங்காமல் என்னிடம் மெதுவாக நடக்கச் சொன்ன ஒரே ஆள் அவள்தான். கதவுக்கு வெளியே காவலுக்கு நின்றேன். வெளியே வந்ததும் என் நெற்றியில் முத்தம் கொடுத்தாள். அப்படியே பின்கட்டில் இருந்த சமையலிடத்துக்குப் போய், ஆளுக்கு மூன்று டம்ளர் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தோம்.

அவளை உட்கார வைத்துவிட்டு நான் உட்காரவில்லை. விமானத்தின் பின்கோடியிலிருந்து எங்களுக்கு அனுமதியுள்ள முன் திரைவரை நடந்தேன். குறுக்கே போய் மறுபக்க நடைவழியில் திரும்பி வந்தேன். வாய் திறந்து தூங்குகிறவர்கள், ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து கிடக்கிறவர்கள், கழுத்து ஒடிந்ததுபோலக் கிடக்கிற ஒரு சர்தார்ஜி. எல்லோருக்கும் நடுவில் நான் மட்டும் நேராக நடந்துகொண்டிருந்தேன். பணிப்பெண் எங்கிருந்தோ ஓடி வந்து, "உங்கள் தடியைக் கொண்டு வரட்டுமா?" என்றாள்.

"இருக்கட்டும், வேண்டாம்," என்றேன்.

லண்டனில் எண்ணெய் நிரப்பியபோதும், அதற்குப் பிறகு அட்லாண்டிக் மேலே பகல் வெளிச்சத்திலும் நடந்தேன். குழந்தைகள் என் இரும்புக் காலைப் பார்த்தன. பார்க்கட்டும் என்று இருந்தது.

நியூயார்க்கில் இறங்கும்போது மாதாஜியின் பாதங்கள் இரண்டும் வீங்கிப்போய் செருப்புக்குள் நுழைய மறுத்தன. விமானக் கதவை ஒட்டி ஒரு கறுப்பர் சக்கர நாற்காலியோடு நின்று என் பெயரைச் சொன்னார். டெல்லியிலிருந்து தந்தி அடித்திருக்கிறார்கள். நான் அதில் மாதாஜியை உட்கார வைத்தேன். அவள் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு மகாராணிபோல உட்கார்ந்தாள். நான் தடியை வாங்கிக்கொண்டு அவள் பக்கத்தில் நடந்தேன்.

வெளியே அவள் மகன் நாற்காலியைக் கண்டதும் பதறி ஓடி வந்தான். "ஒன்றுமில்லையடா, இந்தப் பெண்தான் என்னை வானத்தில் நடக்க வைத்துக் கூட்டி வந்தாள்," என்றாள். மகனுக்கு ஒன்றும் புரியவில்லை. கூட்டத்தில் கல்லூரியிலிருந்து வந்திருந்த ஓர் அமெரிக்கப் பெண் என் பெயர் எழுதிய அட்டையோடு வந்து, நாற்காலியில் இருந்த மாதாஜியிடம் குனிந்து, "பயணம் ரொம்பக் கஷ்டமாக இருந்ததா?" என்று விசாரித்தாள்.

"அது நான்," என்றேன்.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். கார் தூரத்தில் நிற்கிறது, இங்கேயே கொண்டு வரட்டுமா என்று கேட்டாள்.

"வேண்டாம். நடந்தே போகலாம்," என்றேன்.

வெளிக்கதவு தானாகத் திறந்தது. முகத்தில் அறைந்த குளிரில் கண்ணில் நீர் வந்தது. அவள் கொஞ்சம் வேகமாகவே நடந்தாள். நானும் அவள் பக்கத்திலேயே நடந்தேன்.